மலைப்பாதையில் டைமிங்கும் ஸ்பார்க் பிளக்கும்: வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியிலிருந்து இம்முறை வந்த கடிதங்கள் பலவும் பெட்ரோல் காரின் பற்றவைப்பைப் பற்றியே இருந்ததால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம். ஸ்பார்க் பிளக் என்பது சிலிண்டருக்குள் பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பாகம்; டைமிங் என்பது அந்தப் பொறி விழும் நேரம்; அதை முன்னதாக்குவதுதான் "அட்வான்ஸ்". டயர், பிரேக் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்களுடையது 2019ஆம் ஆண்டு வாங்கிய, டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் கார். கோவையில் இருந்தவரை இழுவையில் குறை தெரியவில்லை. பணிமாற்றலில் குன்னூருக்கு வந்த பிறகு ஏற்றம் என்றாலே இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. "மலைக்குத் தகுந்த மாதிரி டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் செய்து, இரிடியம் பிளக் போட்டால் பிக்கப் திரும்பிவிடும்" என்று இங்குள்ள மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா, ஐயா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது உங்கள் காருக்கு முந்தைய தலைமுறைக் காரைப் பற்றிய உண்மை.

முதலில் இழுவை எங்கே போயிற்று என்று பார்ப்போம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். 2,240 மீட்டரிலுள்ள உதகையில் நான்கில் மூன்று பங்கைவிடச் சற்றே அதிகம். டர்போ இல்லாத இன்ஜின் வெளிக்காற்றின் அழுத்தத்தை நம்பியே மூச்சு விடுவதால், ஒவ்வொரு சுழற்சியிலும் அதனுள் போகும் காற்றின் அளவும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைகிறது. மலைக்குளிரில் காற்று கொஞ்சம் அடர்த்தியாக இருப்பதால் இழப்பில் ஒரு சிறு பகுதி திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். காற்று குறைந்தால் அதனோடு சேர்த்து எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும், ஆற்றலும் குறையும். உள்ளே வராத காற்றை எந்த டைமிங்காலும் எந்தப் பிளக்காலும் வரவழைக்க முடியாது.

இனி டைமிங். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை ஒரே நொடிப்பில் வெடித்துவிடுவதில்லை. பொறி விழுந்த இடத்திலிருந்து சுடர் பரவி எரிந்து முடிய, இயக்க நிலையைப் பொறுத்து 2 மில்லி விநாடி அளவுக்கு நேரம் பிடிக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது அந்த 2 மில்லி விநாடிக்குள் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 36 டிகிரி திரும்பிவிடும். அழுத்தம் உச்சத்தை எட்டுவது, பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரி இறங்கிய நிலையில் அமைந்தால்தான் தள்ளு விசை முழுதாகப் பயன்படும் என்பதால், பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறி விழுந்தாக வேண்டும். எவ்வளவு முன்னதாக என்பது வேகத்தையும் சுமையையும் பொறுத்து மாறும். சிலிண்டருக்குள் காற்று மெலிந்திருந்தால் சுடர் மெதுவாகப் பரவும். அதனால் பொறி இன்னும் சற்று முன்னதாக விழ வேண்டும். உங்கள் மெக்கானிக் சொன்னதில் இருக்கும் உண்மை இதுதான்.

ஆனால் உங்கள் காரில் இந்தக் கணக்கை ஏற்கெனவே இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போட்டுக்கொண்டிருக்கிறது. கிராங்க் சென்சார் பிஸ்டன் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. இன்டேக் மேனிஃபோல்டிலுள்ள (காற்று உள்ளே போகும் குழாயிலுள்ள) அழுத்த சென்சார் உள்ளே வரும் காற்றின் அளவைச் சொல்கிறது. இன்ஜின் பிளாக்கில் திருகப்பட்டிருக்கும் நாக் சென்சார், உலோகம் அதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இவற்றை வைத்து ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனியாக நேரம் குறிக்கப்படுகிறது. நீங்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற ஏற, டைமிங்கும் தானாகவே முன்னே நகர்ந்துவிடும். கையால் திருப்ப டிஸ்ட்ரிபியூட்டரே (பழைய கார்களில் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து அனுப்பும் பாகம்) உங்கள் காரில் கிடையாது. பிளக்குகளின் தலையில், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில்கள் நேராக உட்கார்ந்திருக்கின்றன. "டைமிங் அட்வான்ஸ்" என்று சொல்லி யாராவது பணம் வாங்கினால், அவர் எந்தப் பாகத்தைத் திருப்பினார் என்று கேட்டுப் பாருங்கள். இ.சி.யூ.வின் மென்பொருளை மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். டர்போ இல்லாத சிறிய இன்ஜினில் அதனால் கிடைக்கும் ஆதாயம் சொற்பம்; வாரன்டி இன்னும் மீதமிருந்தால் அதற்கும் சிக்கல் வரும்.

இரிடியம் பிளக்கைப் பற்றி: காற்று மெலிந்த இடத்தில் பொறி பாயக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. பிளக்கின் இடைவெளியில் பொறி பாயத் தேவையான மின்னழுத்தம், இடைவெளியின் அகலத்தோடும் அங்குள்ள வாயுவின் அழுத்தத்தோடும் சேர்ந்து ஏறி இறங்குவது. குன்னூரில் சிலிண்டர் அழுத்தம் குறைவு என்பதால், உங்கள் காயில் கோவையில் பட்ட சிரமத்தைக்கூட இங்கே படவில்லை. இரிடியத்தின் சிறப்பு வேறு. அதன் உருகுநிலை 2,400 டிகிரி செல்சியஸுக்கும் மேல். நிக்கலுக்கு 1,455 டிகிரிதான். அதனால் மைய முனையை 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டர் கம்பியாக மெலிதாக்க முடிகிறது. மெலிந்த முனையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பாயும். தேய்மானமும் மெதுவாகவே நடக்கும். சாதாரண நிக்கல் பிளக்கை 30,000 – 40,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியிருக்கும்போது, நல்ல இரிடியம் பிளக் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரைகூட உழைக்கும். உங்கள் கார் நிறுவனம் அதே இன்ஜினுக்கு இரிடியம் பிளக்கையும் பரிந்துரைத்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். அடிக்கடி கழற்றும் வேலை மிச்சம். இழுவைக்காகப் போடுவதானால் வேண்டாம்.

காற்று ஃபில்டரைப் பாருங்கள், பிளக் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்குப் பாருங்கள். மற்றபடி ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறங்குவதில் குறைவொன்றும் இல்லை. இந்த அளவு இன்ஜின்கள் பெரும்பாலும் 4,000 சுற்றை ஒட்டித்தான் தம் முழு இழுவையைத் தருகின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து மூன்றாம் கியரிலேயே திணறடிப்பதுதான் இன்ஜினுக்குக் கெடுதல்.

கேள்வி: நான் உதகையில் வசிக்கிறேன். குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் போய்த் திரும்பும்போது, கல்லாறு தாண்டிப் பர்லியாறு வரையில் இன்ஜினில் "கிடு கிடு" என்று நாக்கிங் சத்தம் கேட்கிறது. குன்னூரை நெருங்கினால் அது மறைந்துவிடுகிறது. உயரமான இடத்தில்தானே இன்ஜினுக்குச் சிரமம் அதிகம்? "கூல் பிளக்" போட்டால் நின்றுவிடும் என்று உதிரிபாகக் கடையில் சொன்னார்கள்.
– ஒரு வாசகர், உதகை

பதில்: நீங்கள் கவனித்தது மிகச் சரியானது, இந்தப் பாதையில் அப்படித்தான் நடக்க வேண்டும். நாக்கிங் என்பது, பிளக் பற்றவைத்த சுடர் வந்து சேர்வதற்குள், சிலிண்டரின் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடிப்பது. கல்லாற்றில் நீங்கள் இன்னும் சமவெளி உயரத்தில்தான் இருக்கிறீர்கள்: காற்று கனமானது, வெயில் கடுமையானது, ஏ.சி. ஓடுகிறது, கார் நிறைய ஆட்கள், கொண்டை ஊசி வளைவுகளால் வேகமும் இல்லை. நாக்கிங்குக்கு வேண்டிய எல்லாமும் அங்கே ஒன்றுகூடியிருக்கின்றன. குன்னூரில் காற்றும் மெலிந்து, குளிர்ந்தும் விடுகிறது; சிலிண்டர் அழுத்தம் தணிகிறது; சத்தமும் நின்றுவிடுகிறது. மேலே ஏற ஏற இன்ஜினுக்கு ஆற்றல் குறையும், நாக்கிங் அபாயமும் குறையும். இரண்டையும் "சிரமம்" என்று ஒரே பெயரால் அழைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

பிளக்கில் "ஹாட்", "கூல்" என்பது பொறியின் சூட்டைக் குறிப்பதில்லை. மைய முனையைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் வெப்பம் தலைப்பகுதிக்குப் போய்ச்சேர நேரமாகும். அது ஹாட் பிளக். குட்டையாக இருந்தால் வெப்பம் சீக்கிரம் வெளியேறும். அது கூல் பிளக். முனை ஏறத்தாழ 450 – 500 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ போனால் பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். இரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டும் என்றுதான் இன்ஜினை வடிவமைத்தவர்கள் ஒரு எண்ணைக் குறிக்கிறார்கள். நீங்கள் கூல் பிளக் போட்டால், மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையம் ஏற்றத்தில் ஒரு சிறு நன்மை கிடைக்கலாம்; மீதி நாள்களில் உதகைக் குளிரில் சேரிங் கிராஸுக்கும் வீட்டுக்கும் இடையே ஓட்டும் குறுகிய ஓட்டத்தில் பிளக் சூடேறாமல் கரி பிடித்து, காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும்.

எண்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடக் கூடப் பிளக் கூலாகும். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடக் கூட ஹாட்டாகும். ஒரு நிறுவனத்தின் 6ஆம் எண்ணுக்குப் பதில் மற்றொன்றின் 6ஆம் எண் என்று கடைக்காரர் எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். இணை எண் அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் காரில் செய்ய வேண்டியது வேறு. புதிய கார்களில் நாக் சென்சார் சத்தத்தைக் கேட்டவுடன் டைமிங்கைச் சில டிகிரி பின்னுக்கு இழுத்துவிடும். பிறகு மெல்ல மெல்ல முன்னே விட்டுப் பார்க்கும். அதையும் மீறி உங்கள் காதுக்கே தொடர்ந்து கேட்கிறது என்றால் ஏதோ ஒன்று எல்லை மீறியிருக்கிறது. ஸ்கேனரில் (இ.சி.யூ. பதிந்து வைத்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) பி0325 என்ற குறியீடு வருகிறதா என்று பாருங்கள். அது நாக் சென்சாரின் மின்சுற்றைக் குறிப்பது. கூலன்ட் அளவு, ரேடியேட்டர் மின்விசிறி, சிலிண்டருக்குள் படிந்த கரி ஆகியவற்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒருமுறை, வழக்கமாக நிரப்புவதைவிட ஆக்டேன் கூடிய (நாக்கிங்கை அதிகம் தாங்கும்) பெட்ரோல் நிரப்பி அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் வெப்பமோ கரியோ எரிபொருளோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். உதகையிலேயே ஓட்டும் நாள்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை. எல்லாவற்றுக்கும் முன்னதாக, வளைவு திரும்பியதும் கியரைக் குறையுங்கள்; 1,500 சுற்றுக்குக் கீழே ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிப்பது எந்தப் பிளக்காலும் ஈடுகட்ட முடியாத பழக்கம். டர்போ பெட்ரோல் காராக இருந்தால் இந்த எச்சரிக்கையை இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் நான்கு தரை முனைகள் உள்ள பிளக்குகள் மலிவாகக் கிடைத்தன. நான்கு பொறி என்றால் எரிதல் நன்றாக இருக்கும்தானே? நானே மாற்றிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், வெலிங்டன்

பதில்: நான்கு முனை இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு முனைக்குத்தான் பொறி பாயும், எது எளிதோ அதைத் தேடிக்கொள்ளும். தேய்மானம் நான்காகப் பிரிவதால் ஆயுள் கூடலாம், ஆனால் சுடருக்குச் சுற்றிலும் தடுப்பும் கூடுகிறது. சில இன்ஜின்களுக்கு நிறுவனமே அவற்றைத் தருகிறது. உங்கள் காருக்குத் தரவில்லை என்றால் தேவையில்லை.

முனைகளை எண்ணுவதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது மரை. மரையின் விட்டமும் நீளமும் பழைய பிளக்கோடு அச்சாகப் பொருந்த வேண்டும். நீளம் கூடினால் பிஸ்டனோ வால்வோ வந்து முட்டும். குறைந்தால் வெளியே தெரியும் மரையில் கரி அடைத்து, பிறகு சரியான பிளக்கையே ஏற்ற முடியாமல் போகும். பெயரில் ஆர் என்ற எழுத்துள்ள பிளக்குகளில் ஏறத்தாழ 5,000 ஓம் மின்தடை உள்ளே இருக்கும். அது இல்லாததைப் போட்டால் ரேடியோவில் இரைச்சல் கேட்பதோடு, அந்த மின்னிரைச்சல் சென்சார்களின் சமிக்ஞையையும் கலைக்கக்கூடும். பிரபலமான இரிடியம் பிளக்குகளுக்குப் போலிகள் உண்டு என்பதால், வழக்கத்துக்கு மாறான மலிவைக் கண்டால் விலகிவிடுங்கள்.

நீங்களே மாற்றலாம், இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காயிலை எடுத்ததும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை அகற்றிவிட்டுத்தான் பிளக்கைக் கழற்ற வேண்டும். புதியதைக் கையாலேயே கடைசி மரைவரை ஏற்றுங்கள். ஸ்பானர் அதற்குப் பிறகுதான். அலுமினியத் தலையில் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 – 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 – 20, 10 மில்லிமீட்டருக்கு 10 – 12 என்பது பொதுவான இறுக்கம். உங்கள் கார் குறிப்பேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உள்ள புதிய பிளக்கைக் கையால் இறுகிய இடத்திலிருந்து அரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகத் திருப்பினால் போதும். மரையில் கிரீஸ் தடவும் வழக்கத்தைக் கைவிடுங்கள். வழுக்கலில் அளவுக்கு மீறி இறுகிவிடும். இரிடியம் முனையில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் தகட்டை) திணித்து நெம்பக் கூடாது, முனை ஒடிந்துவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது டீசல் ஜீப். எதை மாற்றினால் காலை ஸ்டார்ட்டிங் சரியாகும்?
– ஒரு வாசகர், மஞ்சூர்

பதில்: டீசலில் ஸ்பார்க் பிளக்கே இல்லை. உங்கள் வண்டியில் ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டருக்குள் சூடேற்றும் பாகம்) இருந்தால், அதையும் பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து அம்பாஸடர், 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், கார்புரேட்டர். சமவெளியிலிருந்து கோத்தகிரிக்குக் கொண்டு வந்துவிட்டோம். புகையும் வருகிறது, இழுவையும் இல்லை. இதற்குமா டைமிங்கைத் தொடக்கூடாது?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: இதற்குத் தொடலாம், தொடத்தான் வேண்டும். குன்னூர் வாசகரின் மெக்கானிக் மனத்தில் இருந்தது உங்கள் கார்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைக் குண்டுகள் வேகத்தை மட்டும் அறியும்; வேக்குவம் டயஃப்ரம் (காற்றழுத்த வித்தியாசத்தில் அசையும் சவ்வு), வெளிக்காற்றுக்கும் மேனிஃபோல்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அறியும்; ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் அந்த வித்தியாசமும் மறைந்துபோகும். தான் எந்த உயரத்தில் இருக்கிறோம் என்பது இந்த இரண்டுக்கும் தெரியாது.

வேலையை வரிசையாகச் செய்யுங்கள். முதலில் பிளாட்டினம் பாயிண்டின் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) இடைவெளியைச் சரியாக வையுங்கள், ஏனென்றால் இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங்கும் முன்னே போய்விடும். டைமிங்கை வைத்துவிட்டுப் பிறகு இடைவெளியைத் தொட்டால் செய்த வேலை வீண். அடுத்து வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்தட்டு நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும், நிற்காவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அதன்பின் டைமிங் லைட் வைத்துக் குறிப்பேட்டு அளவுக்கு அமைத்து, அங்கிருந்து 2 அல்லது 3 டிகிரி மட்டும் முன்னே திருப்பி, நல்ல ஏற்றம் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். நாக்கிங் கேட்டால் ஒரு டிகிரி பின்வாங்குங்கள். பழைய இடத்தைப் பெயின்ட்டால் அடையாளமிட்டு வையுங்கள். கோடையில் சமவெளிக்கு இறங்கிச் சுமையோடு ஏறுவதாக இருந்தால் அந்த அடையாளத்துக்கே திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

புகை டைமிங்கால் வருவதன்று. காற்று மெலிந்தும் கார்புரேட்டர் சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலை விடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உலர்ந்த கரி படிந்திருக்கும்; கலவையை மெலிதாக்கினால் பீங்கான் வெளிர் பழுப்புக்குத் திரும்பும். இக்கால எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால் அவற்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தென்மேற்குப் பருவமழை நாள்களில், கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏறும்போது மட்டும் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது (இடையிடையே பற்றாமல் விட்டுவிடுகிறது). சமதளத்தில் ஒன்றும் இல்லை. டைமிங் தவறியிருக்குமா?
– ஒரு வாசகி, கூடலூர்

பதில்: டைமிங் தவறியிருந்தால் சமதளத்திலும் தெரியும். சுமையில் சிலிண்டர் அழுத்தம் உயரும்போது பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக் அதை இன்னும் கூட்டும். காயிலின் ரப்பர் உறையில் கீறலும் ஈரமும் இருந்தால், மின்சாரம் இடைவெளியைத் தாண்டுவதைவிட உறைவழியே கசிவது எளிது என்று அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். உறையின் உட்புறத்திலும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் பென்சிலால் கிழித்தது போன்ற கரிக்கோடு இருந்தால் காரணம் அதுவே; அந்தப் பிளக்கையும் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் கதகதப்பைத் தேடி வரும் எலிகள் வயரைக் கடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஸ்கேனரில் பி0302 வந்தால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். அந்தக் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள்; குறியீடு பி0303 ஆனால் காயில் குற்றவாளி, மாறாவிட்டால் பிளக்கைப் பாருங்கள். எல்லாக் காயிலையும் ஒரேயடியாக மாற்றச் சொல்பவரிடம் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஏற்றத்தில் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னத் தொடங்கினால் மிதிப்பதைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) போய் எரிந்து அதை உருக்கிவிடும். அது பிளக்கைவிடப் பலமடங்கு விலையுள்ள பொருள்.

கேள்வி: புளூடூத் ஸ்கேனர் வாங்கினேன். கைபேசியில் டைமிங் 5 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் இடையே ஓயாமல் தாவுகிறது. ஐட்லிங்கில்கூட நிலையாக இல்லை. கோளாறா?
– ஒரு வாசகர், அரவங்காடு

பதில்: தாவாமல் ஒரே எண்ணில் நின்றால்தான் கோளாறு. லேசாக மிதித்துச் சீராக ஓடும்போது சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு என்பதால் எண் உயரும். ஏற்றத்தில் மிதித்தால் நாக்கிங்கைத் தவிர்க்கக் குறையும். ஐட்லிங்கில் சுற்று குறைந்தால் முன்னே தள்ளியும், கூடினால் பின்னே இழுத்தும் இன்ஜினைச் சமன்படுத்த இ.சி.யூ. டைமிங்கையே பயன்படுத்துகிறது, காற்று வால்வைத் திறந்து மூடுவதைவிட அது விரைவான வழி. கியரில் போட்டு இறக்கத்தில் காலை எடுத்துவிட்டால் பெட்ரோலே நிறுத்தப்படுவதால் அந்நேரத்து எண்ணுக்குப் பொருளில்லை. ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் ஒரே ஏற்றம், ஒரே கியர், ஒரே சுற்று என்று வைத்து, உடன் இருப்பவரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சில மாதம் கழித்து அதே இடத்தில், அதே பெட்ரோலில் எண் பல டிகிரி குறைந்திருந்தால், நாக் சென்சார் எதையோ கேட்டுப் பின்வாங்குகிறது. அப்போது உதகை வாசகருக்குச் சொன்ன சோதனைகளை நீங்களும் தொடங்கலாம்.